உப்புத் தண்ணீரும் எலுமிச்சை வகை வேர்ச்செடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்வெல் ஆழம் கூடக் கூடத் தண்ணீர் கரிக்கிறது. அதே தண்ணீரில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை பசுமையாக நிற்க, நம் சாத்துக்குடி மட்டும் இலை கருகிக் கொட்டுகிறது. ஏன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, பம்ளிமாஸ் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் ‘எலுமிச்சை வகைகள்’ என்று சேர்த்தே எழுதுகிறேன்.

வேர்ச்செடி என்பது எது? உப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒட்டுக்கன்றில் மேலே இருப்பது நமக்குப் பழம் தரும் ரகம். மொட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, வேரோடு இருப்பது வேறொரு ரகம், அதுதான் வேர்ச்செடி. மண்ணில் இருந்து எந்த உப்பு எவ்வளவு மேலே ஏற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கீழே இருக்கும் இந்த ரகம்தான். ஒரே சாத்துக்குடி ரகத்தை இரண்டு வேர்ச்செடிகளில் கட்டி ஒரே தண்ணீர் பாய்ச்சினாலும், ஒன்றின் இலையில் குளோரைடு (உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கும் மறுபாதி) குறைவாகவும் மற்றதில் பல மடங்காகவும் இருக்கும். மேலே உள்ள ரகத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் வேர்ச்செடி அளவுக்கு இல்லை.

எலுமிச்சை வகைகள் எவ்வளவு உப்பைத் தாங்கும்?

மிகக் குறைவு. மண்ணின் உப்பை மின்கடத்துத்திறனால் அளக்கிறார்கள். பரிசோதனைச் சீட்டில் இ.சி. என்று இருக்கும், அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசைமன்; இங்கே சுருக்கமாக டெசிசைமன் என்கிறேன். பருத்தி 7.7 டெசிசைமன் வரை மகசூல் குறையாமல் தாங்கும். எலுமிச்சை வகைகளுக்கு அந்த எல்லை சுமார் 1.4. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் மகசூலில் ஏறத்தாழ 13 சதவீதம் போகும். பழைய கணக்குகள் எல்லையை 1.7 என்றும் இழப்பை 16 சதவீதம் என்றும் வைத்தன. எதை எடுத்தாலும் இது உப்புக்கு ஆகாத பயிர்தான்.

இந்த அளவு மண்ணுக்கானது, தண்ணீருக்கானது இல்லை. பாய்ச்சும் தண்ணீரில் இருக்கும் உப்பு மண்ணில் தங்கிச் சேர்வதால், வழக்கமான பாசனத்தில் மண்ணின் இ.சி. தண்ணீரின் இ.சி.யைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். அதனால் தண்ணீர் 0.9 அல்லது 1 டெசிசைமனைத் தாண்டினாலே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வாயில் வைத்தால் கரிப்பே தெரியாத தண்ணீர் அது.

உப்பு மரத்தை எப்படிக் கெடுக்கிறது?

இரண்டு வழிகள். முதலாவது, மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. மண் ஈரமாகத்தான் இருக்கும், மரமோ தாகத்தில் இருக்கும். இதைச் சமாளிக்க மரம் தன் செல்களுக்குள் புரோலின் போன்ற பொருள்களைச் சேர்க்கிறது. உள்ளே வந்த சோடியத்தையும் குளோரைடையும்கூட அதற்கே பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் இலை வாடாமல் விறைப்பாகவே நிற்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது வழிதான் எலுமிச்சை வகைகளுக்கு எமன்: இலைக்குள் சேரும் அயனிகளின், அதாவது கரைந்து பிரிந்த உப்புத் துகள்களின், நஞ்சு. பல பயிர்களில் முதல் எதிரி சோடியம். இங்கே குளோரைடு. ஸ்பெயினின் வேலன்சியா பகுதியில் நடந்த ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டியிருக்கின்றன. இலையில் குளோரைடு ஏற ஏற, எத்திலீனுக்கு (இலையை உதிரவைக்கும் வாயு ஹார்மோன்) முந்தைய பொருள் மரத்தில் கூடுகிறது; அப்புறம் எத்திலீன் கூடுகிறது; இலைக்காம்பு அறுபட்டு இலை விழுகிறது. மரம் இலையை உதிர்ப்பதில் ஒரு தற்காப்பும் உண்டு. நஞ்சு சேர்ந்த இலை போய்விடுகிறது, நீராவிப்போக்கும் குறைகிறது. ஆனால் இலை இல்லாமல் காய் ஏது? நிறைய இலை கொட்டினால் அந்த வருட மகசூல் அதோடு முடிந்தது.

சில வேர்ச்செடிகள் தாங்குகின்றன, சில தாங்குவதில்லை. உள்ளே அப்படி என்ன வித்தியாசம்?

இந்த விஷயத்தின் மையமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எலுமிச்சை வகைகளில் ‘தாங்குவது’ என்பது பெரும்பாலும் வந்த உப்பைச் செரித்துக்கொள்ளும் திறன் இல்லை. உப்பை இலை வரை வரவிடாமல் நிறுத்தும் திறன். கிளியோபாட்ரா மாண்டரினும் ரங்க்பூர் எலுமிச்சையும் குளோரைடை நிறுத்துவதில் பேர்போனவை. காரிசோ சிட்ரேஞ்சும் (இனிப்பு ஆரஞ்சும் மூவிலை ஆரஞ்சும் கலந்த கலப்பினம்) அதன் பெற்றோரில் ஒன்றான மூவிலை ஆரஞ்சும் குளோரைடைத் தாராளமாக மேலே விட்டுவிடும்.

எப்படி நிறுத்துகின்றன? ஒரு பகுதி வேரிலேயே நடக்கிறது. வேருக்குள் நுழைந்த குளோரைடை மேலே செல்லும் நீர்க்குழாயான சைலத்துக்குள் ஏற்றும் கட்டத்தில், கிளியோபாட்ரா கையை இறுக்கிப் பிடிக்கிறது. இன்னொரு பகுதி தண்ணீர்ச் செலவு. மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறதோ அதற்கு ஏற்ப இலையில் குளோரைடு சேர்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வேகமாக வளர்ந்து, வேரின் அளவுக்கு மேல் இலை வைத்து, நிறையத் தண்ணீர் இழுக்கும் காரிசோவில் குளோரைடும் அதே வேகத்தில் ஏறும். நிதானமாக வளரும் கிளியோபாட்ராவில் அந்த ஓட்டமே மெதுவாகத்தான் இருக்கும். நாற்றங்காலில் ‘மந்தமாக வளர்கிறது’ என்று குறை சொல்கிற அதே குணம், உப்பு மண்ணில் அதைக் காப்பாற்றுகிறது.

சோடியம் விஷயத்தில் கதை தலைகீழ். குளோரைடை அள்ளி விடும் மூவிலை ஆரஞ்சு, உப்பு அளவாக இருக்கும்வரை சோடியத்தை வேரிலும் அடித்தண்டிலும் பிடித்து வைத்துக்கொண்டு இலைக்கு விடாமல் பார்த்துக்கொள்கிறது. உப்பு கூடினாலோ, பல காலம் தொடர்ந்தாலோ அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆகவே ‘இது உப்பைத் தாங்கும் ரகமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்த உப்பை என்று கேட்க வேண்டும்.

எந்த வேர்ச்செடிக்கு எவ்வளவு குளோரைடு ஆகும்?

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியில் மூன்று தட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இலை சேதமாகாமல் பாய்ச்சக்கூடிய தண்ணீரின் குளோரைடு அளவை லிட்டருக்கு மில்லிகிராமாக மாற்றித் தருகிறேன்.

கிளியோபாட்ரா, ரங்க்பூர், சுங்கி மாண்டரின், கிரேப்ஃபுரூட்: ஏறத்தாழ 590 வரை.

ஜம்பேரி, கசப்பு ஆரஞ்சு, பொன்கன் மாண்டரின்: ஏறத்தாழ 355 வரை.

மூவிலை ஆரஞ்சு, சாத்துக்குடியும் அடங்கும் இனிப்பு ஆரஞ்சு, ட்ராயர் சிட்ரேஞ்ச், சிட்ருமெலோ 4475: ஏறத்தாழ 238 வரை. ட்ராயரின் உடன்பிறப்பான காரிசோவையும் இங்கேதான் வைக்க வேண்டும்.

கடைசித் தட்டில் இருக்கும் சிட்ருமெலோ 4475 என்பது ஸ்விங்கிள் சிட்ருமெலோ. 1907இல் புளோரிடாவில் வால்டர் ஸ்விங்கிள் செய்த கலப்பு, 1974இல் வெளியானது. அதன் பெற்றோரில் ஒன்று கிரேப்ஃபுரூட், முதல் தட்டுக்காரர். மற்றது மூவிலை ஆரஞ்சு. பிள்ளையோ கடைசித் தட்டில். பெற்றோரில் ஒருவருக்கு உப்பு தாங்கும் குணம் இருந்தால் கலப்பினத்துக்கும் வந்துவிடும் என்று நம்பி வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தண்ணீர்ச் சீட்டை எப்படிப் படிப்பது?

இ.சி. 1.2, குளோரைடு 300 மில்லிகிராம் என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குளோரைடு கணக்கில் கிளியோபாட்ராவும் ரங்க்பூரும் தாராளமாகத் தாங்கும். ஜம்பேரி விளிம்பில் நிற்கும். காரிசோவில் இலை கருகும். ஆனால் மொத்த உப்பு என்ற கணக்கு தனி. 1.2ஐ ஒன்றரையால் பெருக்கினால் மண்ணில் 1.8 ஆகும், 1.4ஐத் தாண்டிய 0.4க்கு மகசூலில் 5 சதவீதம் போல இழப்பு. நல்ல வேர்ச்செடி இலையைக் காப்பாற்றும், இந்த 5 சதவீதத்தை முழுசாக மீட்டுத் தராது.

அதை மீட்க, உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ள வேண்டும். எவ்வளவு தண்ணீர் கூடுதலாக என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: தண்ணீரின் இ.சி.யை, ‘மண்ணில் நாம் விரும்பும் இ.சி.யின் ஐந்து மடங்கு கழித்தல் தண்ணீரின் இ.சி.’ என்பதால் வகுப்பது. மண்ணில் நாம் விரும்புவது 1.4 என்றால் அதன் ஐந்து மடங்கு 7; இங்கே 1.2 ÷ (7 − 1.2), அதாவது 0.21. பாய்ச்சும் தண்ணீரில் 21 சதவீதம் வேரைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். மண் வடிகால் உள்ளதாக இருந்தால்தான் இது நடக்கும். களிமண்ணில் இதைச் செய்தால் வேர் அழுகலை நாமே அழைத்து வந்த மாதிரி ஆகிவிடும்.

குளோரைடு அள்ளும் காரிசோவை ஸ்பெயின்காரர்கள் ஏன் அவ்வளவு நட்டார்கள்?

வேறு வழியில்லை. ஸ்பெயினில் காலங்காலமாக இருந்தது கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடி. சுண்ணாம்பு மண், கரிக்கும் தண்ணீர், வேர் அழுகல் எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் நல்ல செடி அது. ஆனால் டிரிஸ்டெசா வைரஸ் வந்தால், கசப்பு ஆரஞ்சில் கட்டிய ஆரஞ்சு மரம் பட்டுப்போகும். அசுவினி பரப்பும் நோய் அது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி மரங்களைக் கொன்றோ பயனற்றதாக்கியோ விட்டதாக மதிப்பிடுகிறார்கள். ஸ்பெயினில் 1957இல் வேலன்சியா பகுதியில் உள்ள அல்சீராவில் அது கண்டறியப்பட்டது. அப்புறம் டிரிஸ்டெசாவைத் தாங்கும் ட்ராயர், காரிசோ பக்கம் நாடே சாய்ந்தது. வைரஸிலிருந்து தப்பித்த தோட்டங்கள், கடலோரக் கிணற்று உப்பிலும் சுண்ணாம்பு மண்ணிலும் மாட்டிக்கொண்டன.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்த வேர்ச்செடிதான் ஃபோர்னர்-அல்கைடே 5. வேலன்சியாவின் மொன்காடாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ஹுவான் ஃபோர்னர் தொடங்கிய கலப்புத் திட்டத்தில் பிறந்தது. பெற்றோர் யார் என்று பாருங்கள்: குளோரைடை நிறுத்தும் கிளியோபாட்ரா, சோடியத்தைப் பிடித்து வைக்கும், டிரிஸ்டெசாவுக்கு அசையாத மூவிலை ஆரஞ்சு. காரிசோவைவிட உப்பையும் சுண்ணாம்பையும் தாங்கி, டிரிஸ்டெசாவையும் சமாளிக்கிறது. ஸ்விங்கிளுக்கு வாய்க்காதது இதற்கு வாய்த்தது. ஒரே கலப்பில் பிறந்த பல நாற்றுகளைப் பல வருடம் சோதித்துத் தேறியதை மட்டும் எடுத்த பொறுமைதான் காரணம். வேர்ச்செடி ஆராய்ச்சியில் என் மனதுக்கு நெருக்கமான வேலை இது.

அப்படியானால் எல்லாரும் கிளியோபாட்ராவிலேயே கட்டிவிடலாமே?

கூடாது. கிளியோபாட்ராவுக்குப் பைட்டோப்தோரா வேர் அழுகல் எளிதில் வரும். தண்ணீர் தேங்கும் மண்ணில் வைத்தால் உப்பிலிருந்து தப்பி அழுகலில் போகும். காய்ப்புக்கு வரத் தாமதமாகும், பழமும் சிறுத்துப் போகக்கூடும். ரங்க்பூர் வறட்சியைத் தாங்கும், சீக்கிரம் காய்க்கும், ஆனால் எக்சோகார்டிஸ் என்ற வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) தாக்கினால் பட்டை உரிந்து மரம் குட்டையாகும். அதனால் நோயற்ற தாய்மரத்து மொட்டு இல்லாமல் ரங்க்பூரில் கட்டுவது வீண் செலவு.

உப்பும் நோயும் தனித்தனியாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உப்பில் தளர்ந்த வேரில் பைட்டோப்தோரா சுலபமாக இறங்கும். எலுமிச்சை நூற்புழு தாக்கிய வேரும் உப்பைச் சரியாக வடிகட்டாது.

ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு ரகம் உப்பைத் தாங்கியது என்று படித்தேன். நம்பி நடலாமா?

எப்படிச் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். பல சோதனைகளில் தொட்டியில் இருக்கும் இளநாற்றுக்கு, மேலே எதுவும் ஒட்டாமல், வெறும் சோடியம் குளோரைடைச் சில வாரம் ஊற்றுகிறார்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடவே இருக்கும். உப்பு வருடக்கணக்கில் ஏறி இறங்கும். மேலே காய் சுமக்கும் மரம் இருக்கும். புரோலின் கூடியது என்பதை மட்டும் வைத்து ரகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில நேரம் அது தாங்குவதன் அடையாளம், சில நேரம் வெறும் தவிப்பின் அடையாளம். இலையில் குளோரைடும் சோடியமும் எவ்வளவு சேர்ந்தன என்ற எண்ணைத் தேடுங்கள். அதுவும் ஒட்டுக்கட்டிய மரத்தில் எடுத்ததாக இருந்தால் நம்பலாம்.

நான்மடியக் கன்றுகள் என்று பேசுகிறார்களே?

சாதாரணச் செடியில் இரண்டு தொகுதி குரோமோசோம்கள் இருக்கும். விதை நாற்றங்காலில் எப்போதாவது நான்கு தொகுதியோடு ஒன்று தானாகவே முளைக்கும். வேர் தடித்து, இலை தடித்து, மெதுவாக வளரும். இவை உப்பைக் கூடுதலாகத் தாங்குவதாகச் சில சோதனைகள் காட்டியுள்ளன. நல்ல திசைதான்.

இலை நுனி கருகினால் உப்பு என்று முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். குளோரைடு நஞ்சில் முதலில் முதிர்ந்த இலையின் நுனி வெளிறி, செம்புநிறம் படர்ந்து, அப்புறம் நுனியிலிருந்து கருகி, இலை முன்கூட்டியே விழும். போரான் கூடினாலும் நுனி மஞ்சளாகும். ஆனால் இலையின் அடிப்பக்கத்தில் பழுப்பான பிசின் புள்ளிகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் பிடித்துவிடலாம். சோடியத்தையும் குளோரைடையும் கண்ணால் பிரிக்க முடியாது. காய் இல்லாத கிளையிலிருந்து நான்கு முதல் ஆறு மாத வயது இலைகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உலர்ந்த இலை எடையில் குளோரைடு 0.7 சதவீதத்தையோ சோடியம் 0.25 சதவீதத்தையோ தாண்டியிருந்தால் அது மிகுதி.

சொட்டுநீரா, தெளிப்புநீரா?

கரிக்கும் தண்ணீர் என்றால் இலைமேல் படும் தெளிப்புநீர் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை வகை இலைகள் உப்பை நேரடியாக உறிஞ்சும். லிட்டருக்கு 175 மில்லிகிராம் அளவுக்குக் குறைவான குளோரைடே இலையைக் கருக்கப் போதும். அந்த வழியில் வரும் உப்பை எந்த வேர்ச்செடியாலும் தடுக்க முடியாது, ஏனென்றால் அது வேர் வழியாக வரவே இல்லை. கட்டாயம் தெளித்தாக வேண்டும் என்றால் இரவில், மரத்தடியில் மட்டும் படும்படி செய்யுங்கள்.

சொட்டுநீர் நல்லது. ஆனால் உப்பு ஈரவட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். கோடை மழை லேசாகத் தூறினால் அந்த உப்பு கரைந்து வேர்ப்பகுதிக்குத் திரும்பி வரும். மழை பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். மண் நன்றாக நனையும் அளவுக்குப் பெய்யும்வரை சொட்டுநீர் ஓடட்டும்.

உரத்தில் என்ன மாற்ற வேண்டும்?

முதல் வேலை, மூரியேட் ஆப் பொட்டாஷை நிறுத்துவது. அதில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. குளோரைடுக்குப் பயந்து வேர்ச்செடியைத் தேடி அலைந்துவிட்டு மூட்டையில் அதையே வாங்கிப் போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சல்பேட் ஆப் பொட்டாஷ் விலை கூடுதல்தான், இங்கே அதுதான் பொருத்தம். தழைச்சத்தில் ஒரு பங்கை கால்சியம் நைட்ரேட்டாகவோ பொட்டாசியம் நைட்ரேட்டாகவோ கொடுத்தால் நைட்ரேட் குளோரைடோடு போட்டி போட்டு அதன் நுழைவைக் குறைக்கும். கால்சியம் சோடியத்தின் பாதிப்பைக் குறைக்கும்.

ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் மிகுந்து இறுகிப்போன மண்ணுக்கு, நல்ல மருந்து. வெறும் உவர் மண்ணில் பிரச்சினை குளோரைடு என்றால் ஜிப்சம் மட்டும் போட்டுப் பெரிதாகப் பயனில்லை. மண் பரிசோதனை இல்லாமல் லாரி லாரியாக இறக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் எலுமிச்சை விதைக்கன்றுதான் நடுகிறோம். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

தமிழ்நாட்டில் நாட்டு எலுமிச்சை பெரும்பாலும் விதைக்கன்றாகத்தான் நடப்படுகிறது. அதாவது அது தன் வேரிலேயே நிற்கிறது, தனியாக வேர்ச்செடி இல்லை. தண்ணீர் நன்றாக இருக்கும் இடத்தில் அதில் தப்பே இல்லை. தண்ணீர் கரிக்கும் இடத்தில், குளோரைடை நிறுத்தும் வேரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நாமே கைவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. புதிதாக நடுபவர்கள் முதலில் ஒரு சிறு பகுதியிலாவது ரங்க்பூரில் கட்டிய கன்றை வைத்து, இரண்டு பக்கத்து இலைகளையும் பரிசோதித்துப் பாருங்கள்.

கன்று வாங்கும்போது நர்சரியில் என்ன கேட்க வேண்டும்?

வேர்ச்செடியின் பெயரைக் கேளுங்கள். ‘ஒட்டுக்கன்றுதான்’ என்ற பதில் போதாது. ஜம்பேரியா, ரங்க்பூரா, கிளியோபாட்ராவா என்று தெரிந்தாக வேண்டும். அடுத்து, நாற்றங்காலில் மாறுபட்ட நாற்றுகளைப் பிடுங்கிப் போட்டார்களா என்று கேளுங்கள். இந்த வகைகளில் ஒரே விதையிலிருந்து பல முளைகள் வரும். பெரும்பாலானவை தாயின் அச்சு. இடையில் மகரந்தக் கலப்பால் வந்தது ஒன்றிரண்டு இருக்கும், அதற்குத் தாயின் உப்புத் தாங்கும் குணம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உயரத்திலும் இலை வடிவத்திலும் கூட்டத்தோடு சேராமல் நிற்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

மொட்டுக் கட்டிய இடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். நடும்போதும் பிறகு மண் அணைக்கும்போதும் அந்த இடம் புதைந்துவிடக் கூடாது. புதைந்தால் மேலே இருக்கும் சாத்துக்குடியே தன் சொந்த வேரை விட்டுவிடும். குளோரைடு அந்த வேர் வழியாக ஏறும், பிசின் வடியும் நோயும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஏற்கெனவே மண் ஏறியிருந்தால் கொத்தி எடுத்து, ஒட்டுக்கு மேலே வந்த வேர்களை நறுக்கிவிட்டு, தண்டைச் சுற்றி போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) பூசுங்கள்.